வெர்னன் விற்ற நண்டுகள்

மில்லர்ஸ் பாயிண்ட், டெலவேர்
ஜூன் 9

அன்புள்ள கிளே,

நீ நலமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன். போனை எடுக்காதவனிடம் வேறு எப்படி விசாரிப்பது? லூசியானாவில் இறால் நன்றாகப் படுகிறதாம், உன் படகுக்காரர் மனைவி சொன்னாள். எனக்குக் கணவனைப் பற்றிய செய்தி இப்போது அப்படித்தான் வருகிறது.

உன் அண்ணன் வெர்னன் தன் கதையைச் சொல்லியிருப்பான். நடந்ததைக் கேள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் மருந்துச் சோதனைக்காக ரத்தம் எடுத்த லாட நண்டுகளை அன்றே உயிரோடு விரிகுடாவில் விட வேண்டும். கம்பெனி வெர்னனின் படகை அமர்த்தியது அதற்குத்தான். படகுத்துறைக் குளிர் அறைக்குப் போனால் அவை அங்கே அடுக்கிக் கிடக்கின்றன. ஓட்டு மடிப்பில் நாங்கள் குத்திய ஊசித் துளை. சங்கு பிடிக்கப் பொறி வைப்பவர்களுக்கு இரையாக விற்றுக்கொண்டிருக்கிறான். பாதிக்கு இன்னும் கால் அசைகிறது.

முதலில் அவனிடம்தான் கேட்டேன். "அட போ நோரீன், கடல்ல செத்தா என்ன, பொறியில செத்தா என்ன" என்று சிரித்தான். விட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும் என்றேன். மறுவாரமும் அதையே செய்தான். பிறகுதான் மேலாளரிடம் சொன்னேன். அவனுடைய ஒப்பந்தம் போய்விட்டது. "ஒரு நண்டுக்காக எங்க வயித்துல அடிச்சிட்டியே" என்று கடைவாசலில் வைத்துக் கத்தினான். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு உன் அம்மா எங்களை அழைக்கவில்லை.

வெறும் நண்டா கிளே? குளிர்காலத்தில் நம் மகள் டார்லாவுக்கு மருந்து ஏற்ற மார்பில் பொருத்திய குழாயில் கிருமி ஏறி, பல் கிட்டி நடுங்கினாளே. "கிருமி கொஞ்சம்தான். அது கக்கின விஷத்தைப் பாத்து இவ உடம்போட காவல் அணுக்களே வெறிபிடிச்சு நிக்குது" என்று டாக்டர் சொன்னபோது நீயும்தானே நின்றாய். மருந்தைக் கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும், அதன் விஷம் சாகாது. நண்டின் ரத்த அணுக்களோ துளி விஷம் பட்டாலே உடைந்து கூழாகி அதைச் சிறைப்பிடித்துவிடும். அந்த ரத்தத்தோடு மருந்தைக் கலந்து பார்த்து, கூழ் கட்டவில்லை என்று உறுதியான பிறகே அவளுக்கு ஏறும் மருந்து எங்களைத் தாண்டிப் போகிறது. நண்டு தீர்ந்துபோனால் எதைக் கொண்டு பார்ப்பது? இதை எத்தனை பேரிடம்தான் சொல்வேன்? எல்லாரும் வெர்னனின் படகுக் கடன் தவணையைத்தான் பேசுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை டார்லாவுக்கு மருந்து ஏற்றும் நாள். "அப்பாவுக்கு என் மேலயும் கோவமா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். அதைப் பொய்யாக்கிவிடாதே.

என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு. அதற்கு முன்னால் அவளிடம் இரண்டு வார்த்தை பேசு. காற்றும் கடலும் உனக்கு அனுகூலமாக இருக்கட்டும்.

உன்
நோரீன்