நீ சத்தமாகப் பாடிய பாட்டு

ஹட்டன்
2022 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை (மார்கழி 25)
காலை 5.20

பொருள்: மார்கழி பஜனைக் கோஷ்டியில் நீ ஒரேயொரு முறை சத்தமாகப் பாடியது

அன்புள்ள நண்பனுக்கு,

இன்று அதிகாலை மின்சாரம் நின்றுபோயிற்று. மருமகள் சமையலறையில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினாள். திரி பற்றிக்கொண்டபோது எழுந்த நெடி நடைவழியாக என் அறைக்குள் வந்தது. அந்த நெடி பிறருக்கு எதை நினைவூட்டுமோ அறியேன். எனக்கு உன் முகம் நினைவுக்கு வரும். லாந்தர் வெளிச்சத்துக்கு மிக அருகே பிடிக்கப்பட்டு, வியர்த்து, வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் முகம்.

நீ காலமான செய்தியை உன் மகன் சென்ற நவம்பர் 21ஆம் திகதி கூடலூரிலிருந்து தொலைபேசியில் அறிவித்தான். பேச்சினிடையே, "அப்பா சின்ன வயசுல மூணு மார்கழி பஜனைக்குப் போனதாச் சொல்லுவாங்க" என்றான். மூன்று அன்று, நான்கு. 1956, 57, 58, 59 ஆகிய ஆண்டுகளில் பிறந்த மார்கழிகள். இத்தகைய பிழைகளை அந்த இடத்திலேயே திருத்திவிடுவது என் வழக்கம். அன்று திருத்தவில்லை.

நாம் கோஷ்டியில் சேர்ந்த நாள் 1956 நவம்பர் 25. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தேயிலைத் தோட்டத்தில் வேலை இல்லை. எனக்குப் பத்து வயது, உனக்குப் பதினொன்று. வட்டவளைக்கு மேலே நம் தோட்டத்துக் கோயிலில் ரோதை மாமா ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோதையில் வேலை செய்தவராதலால் அவருக்கு அந்தப் பெயர். மார்கழியில் பையன்களைத் திரட்டி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குத் தப்படிக்கும் முன்னரே, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் பாடிச் செல்வது அவர் நடத்திவந்த கோஷ்டி. ஒவ்வொருவனையும் தனியே நிறுத்தி, ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இதோட சேந்து ஆ சொல்லு" என்றார். நான் சொன்னேன். தலையசைத்தார். நீ சொன்னாய். கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எல்லாப் பயலும் மேட்டு மலைக்கு ஏறுறான். நீ மட்டும் ஏன்டா ஆத்துக்கு எறங்குற?"

"எறங்கலைங்க மாமா. நானும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கேன்."

பையன்கள் தரையில் உருண்டு சிரித்தார்கள். மாமாவும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "சரி, வந்தது வந்துட்ட. நின்னுக்க. ஆனா சத்தம் வரக்கூடாது. வாய மட்டும் அசை."

அன்று மாலையே உனக்கு ஊமைப் பாகவதர் என்று பெயராயிற்று. "பாகவதரே, தொண்டைக்கு இஞ்சி வேணுங்களா?" என்று ஜால்ரா தட்டும் சின்னவன் கேட்பான். "எனக்கெதுக்கு? ஒன் கைக்குத் தடவிக்க" என்பாய். நீ கோபித்து நான் பார்த்ததில்லை.

எனக்குக் குரல் இருந்தது, சொற்கள் தங்கமாட்டா. மாமா எதையும் எழுதித் தருவதில்லை. ஏட்டில் இருந்தால் மனத்தில் நிற்காது என்பது அவர் கட்சி. அவருடைய தகப்பனார் இட்டுக்கட்டிய ஒரு முருகன் பாட்டு நம் தோட்டத்தில் மட்டுமே பாடப்பட்டது. ஐந்து கண்ணிகள். "கொழுந்தெடுக்கும் விரலாலே விளக்கேற்ற வந்தோமே" என்று தொடங்கும். முதல் மார்கழியின் முதல் வாரத்திலேயே, ஒரு லயத்து வாசலில், அதன் இரண்டாம் கண்ணியை நான் தவறவிட்டேன். திகைத்துப்போய்த் திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் நீ சத்தமின்றி, ஓர் எழுத்தும் பிசகாமல், பாட்டை நடத்திக்கொண்டிருந்தாய். உன் உதடுகளைப் பார்த்து நான் மீதியைப் பாடி முடித்தேன். மாமா இதைக் கவனித்துவிட்டார்.

"நீ இனிமே இவனுக்கு நேரா நில்லு. லாந்தர ஒன் மூஞ்சிக்குப் பக்கத்துல புடி."

"மூஞ்சி சுடுதுங்க மாமா."

"சுடட்டும். குளிருக்கு நல்லதுதானே."

நான்கு மார்கழிகளும் அப்படியே நடந்தன. பனியில் ஒன்றும் தெரியாது. உன் முகம் மட்டும் வெளிச்சத்தில் மிதக்கும். உன் உதட்டிலிருந்து சொல்லை எடுத்துக்கொள்வேன். உன் தோள் உயரும் இடத்தில் மூச்சை எடுத்துக்கொள்வேன். அடி முடியும்வரை மூச்சை எப்படிச் செலவழிப்பது, எங்கே அவசரப்படாமல் நிற்பது என்பவற்றையெல்லாம் நான் கற்றது உன்னைப் பார்த்துத்தான். பாடத் தடை செய்யப்பட்டவனிடமிருந்து பாடக் கற்றுக்கொண்டேன் என்பதை அந்த வயதில் நான் விளங்கிக்கொள்ளவில்லை.

இரண்டாம் மார்கழியில் ஒரு காலை, கோயிற்படியில் அமர்ந்து பொங்கல் தின்றுகொண்டிருந்தபோது நீ உன் ஆசையைச் சொன்னாய்.

"எங்க லயத்து வாசல்ல ஒரு பாட்டு. ஒன்னே ஒன்னு. சத்தமாப் பாடிரணும்டா."

"எதுக்கு?"

"அம்மா உள்ளார அடுப்புக்கிட்ட இருக்கும். வெளிய வந்து பாக்க நேரமில்ல. எல்லாப் புள்ளைங்க சத்தமும் கேக்குது, ஒன் சத்தத்தக் காணோமே, நெசமாவே பஜனைக்குத்தான் போறியான்னு கேக்குது."

நான் உனக்காக லாந்தர் பிடிப்பதாகச் சொன்னேன்.

"எனக்கெதுக்கு லாந்தர்? எனக்குத்தான் பாட்டுத் தெரியுமே. நீ பக்கத்துல நின்னு கேளு. சரியா வந்துச்சா இல்லையான்னு நீதான் சொல்லணும். மாமா சொன்னா நம்பமாட்டேன்."

அதன்பின் நாம் மாமாவிடம் அனுமதி கேட்டதும், அவர் "அடுத்த வருசம் பாப்போம்" என்று தள்ளிப்போட்டதும் உனக்கு நினைவிருக்கும். 1959ஆம் ஆண்டு மார்கழி பிறந்தபோது அடுத்த வருடம் என்று ஒன்று உனக்கு இல்லை என்பது தெளிவாகிவிட்டது. தை பிறந்ததும் உன் பெயரைத் தோட்டத்து ஆள்பதிவேடான செக்ரோலில் பதிந்து மலைக்கு அனுப்புவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. வேலைக்குப் போகிறவனுக்குக் கோஷ்டியில் இடமில்லை. மாமா இம்முறையும் பிடி கொடுக்கவில்லை.

1960 ஜனவரி 9, சனிக்கிழமை. முதல் லயத்தில் ஒழுங்காகப் பாடினேன். இரண்டாம் லயத்தில், மேல் எடுப்புக்குப் போகும் இடத்தில், என் குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி கிரீச்சென்று மேலே போயிற்று, மறுபாதி கனத்துக் கீழே விழுந்தது. மறுபடி முயன்றேன், காற்றுத்தான் வந்தது. பையன்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. லாந்தரைச் சற்றே தாழ்த்தி என் முகத்தை இருட்டில் விட்டாய்.

மாமா என் முதுகில் தட்டினார். "பய ஆம்பளையாயிட்டான். போ, மேல போயி பொங்கல எறக்கி வைக்கச் சொல்லு பூசாரிகிட்ட."

பொங்கலை இறக்கி வைக்கப் பூசாரிக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. என்னை அவமானத்திலிருந்து எடுத்துவிடவே மாமா அப்படிச் சொன்னார். நான் குறுக்குப் பாதையில் ஏறினேன். பாதித் தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். கீழே பனிக்குள் உன் வெளிச்சம் கடைசி லயத்து வாசலுக்குப் போய் நின்றது. அது ஆற்றங்கரை லயம், உங்கள் லயம். ஜால்ராச் சத்தம் மெல்லக் கேட்டது. மற்றபடி ஆறு இரைந்துகொண்டிருந்தது. நான் இல்லாததால் பாட்டை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் தட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு மேலே நடந்தேன்.

கோஷ்டி கோயிலுக்கு வந்தபோது சின்னவன் முன்னால் ஓடிவந்தான். "ஊமைப் பாகவதர் பாடிட்டாருடா! அஞ்சு கண்ணியும்!"

நீ படியேறி நேராக என்னிடம் வந்தாய். உனக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"மேல கேட்டுச்சாடா?"

"இல்ல."

"ஒன்னுமே கேக்கலையா?"

"ஜால்ரா கேட்டுச்சு. ஆத்துச் சத்தம் கேட்டுச்சு."

நீ லாந்தரைப் படியில் இறக்கி வைத்தாய். பிறகு சொன்னாய்: "ஒனக்குக் கேக்கட்டும்னுதான் அம்புட்டுச் சத்தமாப் பாடினேன்."

கேட்டது என்று நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நன்றாக இருந்தது என்று இன்னும் இரண்டு சொற்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழகிய வாய் எனக்கு அப்போதே இருந்தது. அதனால் பிற்காலத்தில் கடைக் கணக்குகளில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. அந்தப் படியில் அதனால் யாருக்கும் ஒரு நன்மையும் விளையவில்லை.

நான் ஒவ்வொருவரையும் விசாரித்தேன். சின்னவன், "தகரத்துல ஆணியால கிழிச்ச மாதிரி" என்றான். மாமா, "ஆத்துக்குத்தான் எறங்கினான். ஆனா நடுவுல எங்கயும் நிக்கல" என்றார். உன் அம்மாவை மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கண்டேன்.

"பெரியம்மா, நல்லா இருந்துச்சுங்களா?"

"அடுப்புப் பத்தவைக்கக் குச்சியக் கிழிச்சேன் தம்பி. கையச் சுட்டப்பதான் குச்சி ஞாபகமே வந்துச்சு. அன்னைக்குத் தேத்தண்ணி இல்லாமத்தான் பெரட்டுக்குப் போனேன்."

"சரியாப் பாடினானா?"

"அது எனக்கு என்ன தெரியும்? எம்புள்ள சத்தம்."

நான் கேட்ட கேள்விக்கு எவரும் விடை சொல்லவில்லை. உன்னிடமே கேட்டேன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு நீ மலையிறங்கி வரும் மாலைகளிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றில் குளிக்கும்போதும், எனக்காக ஒருமுறை பாடும்படி கேட்டேன். "அது அன்னைக்கு வந்துச்சு. நீ கேட்டா சிரிப்புத்தான்டா வருது" என்பாய்.

இரு நாட்டு ஒப்பந்தப்படி உங்கள் குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்டது 1970 மே 6, புதன்கிழமை. நான் அப்போது ஹட்டன் புடவைக்கடை ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். முதலாளியிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு நிலையத்துக்கு வந்தேன். மேடை முழுவதும் அழுகை. நீ சன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். உன் அருகே பெரியம்மா முந்தானையை வாயில் வைத்தபடி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பவாச்சும் பாடேன்டா" என்றேன்.

"இங்கயா? சனம் அழுவுறது போதாதா, நான் வேற பாடணுமா?"

ரயில் நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன். நீ முகத்தைச் சன்னலுக்கு வெளியே நீட்டினாய், உன் வாய் அசைந்தது. முதற் கண்ணி என்பதை உதடுகளிலிருந்தே அறிந்துகொண்டேன். அதே கணத்தில் எஞ்சின் கூவத் தொடங்கி, உன் பெட்டி மேடையைத் தாண்டும்வரை ஓயவில்லை. நீ பாடினாயா, பழையபடி வாயை மட்டும் அசைத்தாயா? பெரியம்மா சட்டென்று உன் பக்கம் திரும்பினார். அதை நான் நிச்சயமாகக் கண்டேன். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

கடிதங்களில் இதைக் கேட்டேன். கூடலூர் மழையைப் பற்றி எழுதினாய், அங்குள்ள தேயிலையைப் பற்றி எழுதினாய், பெரியம்மா மறைந்ததை எழுதினாய். இதற்கு மட்டும் மறுமொழி இல்லை. நேரில் வந்து கேட்கலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் எண்ணினேன். கடவுச்சீட்டு எடுத்தேன், அது காலாவதியாயிற்று, புதுப்பித்தேன், மறுபடி காலாவதியாயிற்று. சோம்பல் என்று சொல்லமாட்டேன். நீ இருப்பாய் என்ற எண்ணந்தான். அவ்வளவு அலட்சியமாக வேறெந்தக் கணக்கையும் நான் வைத்திருந்ததில்லை.

உன் மகனிடம், அப்பா பாடுவாரா என்று கேட்டேன்.

"பாட மாட்டாங்கய்யா. பேத்திய மடியில போட்டுக்கிட்டு வாய மட்டும் அசைப்பாங்க. சத்தமே இருக்காது. அது அவங்க வாயையே பாத்துக்கிட்டுக் கெடந்து தூங்கிரும்."

எனக்குக் குரல் திரும்பி வந்தது, முன்பு போல் இல்லாவிடினும். இந்நகரக் கோயில் பஜனையில் இன்றும் பாடுகிறேன். எல்லோரிடமும் அச்சிட்ட ஏடு இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. ஆயினும் தொடங்கும் முன் கண் தானாக நிமிர்ந்து எதிரே ஒரு முகத்தைத் தேடுகிறது. எதிரே நிற்பவர் எவராயினும் அவர் தோளைப் பார்த்தே மூச்சை எடுக்கிறேன். உன் பேச்சுக்குரல் என் காதில் அப்படியே இருக்கிறது. உன் பாட்டுக்குரல் எத்தகையது என்று எனக்குத் தெரியாது. சரியாக வந்ததா என்று சொல்லும் பொறுப்பை நீ என்னிடம் தந்தாய். அறுபத்திரண்டு ஆண்டுகளாக அதை வைத்துக்கொண்டிருக்கிறேன். இனித் திருப்பித் தரவும் ஆளில்லை.

இம்மடலை உன் மகனின் முகவரிக்கு அனுப்புகிறேன். உன் படத்தின் முன் வைப்பான்.

இப்படிக்கு,
உன் எதிரே நின்றவன்

இத்துடன் இணைத்துள்ளவை:

1. மாமாவின் தகப்பனார் பாட்டு, ஐந்து கண்ணிகள், என் கையெழுத்தில். நான்காம் கண்ணியின் இரண்டாம் அடிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். அதை அறிந்தவர் இப்போது இங்கு எவருமில்லை.

2. அந்த அடியை எழுதுவதற்கு வெள்ளைத் தாள் ஒன்று.

3. என் முகவரியிட்ட உறை ஒன்று. எந்த நாட்டு முத்திரை ஒட்டுவது என்று தெரியவில்லை. ஆகவே ஒட்டவில்லை.