ஒருத்திக்கு வைக்கும் உலை

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. நான் இங்கே சுகமாகத்தான் இருக்கிறேன், நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் பட்டினி கிடக்கிறேன் என்றும், அப்பா போன துக்கத்தில் சாப்பாட்டை வெறுத்துவிட்டேன் என்றும் உன் அத்தை உனக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். இரண்டும் தவறு. டாக்டர் சொல்லி உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன், அவ்வளவுதான். "அண்ணி சோத்த விட்டுட்டாங்க, இனி உசுர எப்போ விடுவாங்களோ" என்று வங்கி வாசலில் நாலு பேர் காதில் விழச் சொன்னாளாம்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் பரீட்சையில் தவறியவள் மாதிரி எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாளே அரிசி, சர்க்கரை, பிஸ்கட் எல்லாவற்றையும் மூட்டை கட்டி மாடியில் இருக்கும் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, வெள்ளரிக்காயும் தண்ணீருமாக உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வங்கி வரிசையில் நிற்கும்போது கண் இருட்டியது. உன் அத்தை சொல்வதுபோல் மயங்கி விழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடை கசங்காமல், உட்கார்ந்தேன்.

மருத்துவமனையில் டயட்டீஷியன் உன்னைவிடச் சின்னப் பெண். "நூத்துக்கு நூறு வாங்க இது என்ன பரீட்சையாம்மா? ஒரே நாள்ல எல்லாத்தையும் விட்டா, ஒரே நாள்ல எல்லாத்தையும் திரும்ப ஆரம்பிச்சிடுவீங்க. ஆயுசுக்கும் செய்ய முடியுறத மட்டும் மாத்துங்க, ஒண்ணொண்ணா" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது தப்பில்லை, பிஸ்கட்டைத் திருப்பிக் கேட்க மாடிப்படி பாதி ஏறியவள்தான் நான், கௌரவம்தான் என்னைக் கீழே இறக்கியது. பிறகு எவ்வளவு அரிசி போடுவீர்கள் என்று கேட்டாள், இரண்டு டம்ளர் என்றேன். "வீட்ல எத்தனை பேரு?" என்றாள். சின்னு, அப்போதுதான் எனக்கே உறைத்தது. அப்பா போன பிறகும் என் கை இரண்டு பேருக்கே அளந்துகொண்டிருந்திருக்கிறது. தட்டில் மிச்சம் வைத்தால் பாவம் என்று கான்வென்ட் சிஸ்டர்கள் பக்கத்திலேயே நின்று வளர்த்த பிள்ளை நான். அவர் பங்கையும் நானே சாப்பிட்டு முடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் முதல் மாற்றம் பாத்திரம், ஒருத்திக்கு மட்டும் உலை வைக்கிற அளவில் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் "பேத்திக்கு வெளையாடவாம்மா? இவ்ளோ சின்னது போதுமா?" என்று சிரித்தார். எனக்குத்தான் என்றேன். அவர் சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டது, சிரித்ததைவிட வலித்தது. அது பழகிய பிறகுதான் அடுத்தது, தட்டில் பாதி காய், அதைத் தின்ற பிறகே சோறு. அதற்கும் அடுத்தது, அடுப்படியில் நின்றபடி விழுங்காமல் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவது. இதுதான் கஷ்டம். சின்னப் பாத்திரத்தில் சீக்கிரம் வெந்துவிடுகிறது, சீக்கிரம் தீர்ந்தும் விடுகிறது, அதன் பிறகு பகல் நீண்டு கிடக்கிறது. மெதுவாக மென்று சாப்பிடச் சொல்கிறாள் அந்தப் பெண். எதிரில் பேச ஆளில்லாதவள் எப்படி மெதுவாகச் சாப்பிடுவாள்? எதிர் நாற்காலி காலியாகத் தெரியாமலிருக்க மடித்த துணிகளை அதில் வைத்திருக்கிறேன்.

நீ போனில் "சாப்டாச்சாம்மா?" என்பாய், நான் "ஆச்சு" என்பேன். அது பொய்யில்லை, வெள்ளரிக்காய் தின்ற வாரத்திலும் ஆச்சுதான். நீ சொல்லும் "ஆச்சு"வும் அப்படித்தானோ என்று இப்போது கவலையாக இருக்கிறது. இரவில் சாப்பாட்டுக்குப் பதிலாக ஏதோ பொடியைக் கலக்கிக் குடிக்கிறாயாமே. கொஞ்ச நாள் குடிக்கலாம், ஆயுசுக்கும் முடியுமா? ஒரு காயை நறுக்கி வதக்க எவ்வளவு நேரமாகிவிடும்? காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. ஒருநாள் தவறிப்போனால் தவறட்டும், மறுவேளை சரியாகச் சாப்பிடு, தண்டனை மாதிரி பட்டினி கிடக்காதே. இதைச் சொல்ல எனக்கு இப்போது தகுதி இருக்கிறது.

அத்தை பேச்சைக் கேட்டு அந்த முதியோர் விடுதியில் எனக்கு அறை சொல்லி வைத்திருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கும் என்று. உன் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே தட்டை வைப்பார்கள், எடுத்துப் போவார்கள். நான் இங்கே இந்த வயதில் எனக்கென்று ஒரு தட்டைப் போட்டுச் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறேன், போன தடவை பார்த்ததில் சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பாதியில் என்னைத் தூக்கிக்கொண்டு போனால் எல்லாம் வீணாகும். தனியாக இருப்பது கஷ்டமில்லை என்று நான் சொல்லவில்லை. கஷ்டம்தான். அந்த அறையில் அது குறையாது.

கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், கடவுள் உன்னோடு இருக்கட்டும்.

அறை வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டாயா இல்லையா என்பதை எனக்குத் தெரியப்படுத்து. போனில் வேண்டாம், போனில் உன் குரலைக் கேட்டால் நீ சொல்வதற்கெல்லாம் சரி என்றுவிடுவேன். உன் கையால் எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா