நீளச் சொல்லைப் பட்டு மெத்தையிலிருந்து இறக்குக

நலமே சூழ்க. ஆழிமுனை நாட்டின் துறைகள் அனைத்தையும் காப்பவரும், உப்பும் முத்தும் விளையும் கரையெங்கும் செங்கோல் நீட்டியவரும், மலைநாட்டார் திறையும் தீவினர் நட்பும் ஒருங்கே பெற்றவரும், பகைவர்க்கு இடியும் அடைந்தோர்க்கு நிழலும் ஆனவருமான பொற்கொடித் தேவியார், நம் ஆங்கிலச் சொற்சாலைத் தலைவரும், அருஞ்சொல் ஆயிரத்தை நாவில் நிறுத்தியவருமான அருமொழி வேளாருக்கு விடுக்கும் திருமுகம். உமது சாலையில் விளக்கும் உமது மனையில் அடுப்பும் என்றும் அவியாதிருக்க.

கடல் கடந்த மருத்துவக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் உம் மாணவி செங்கமலம் மறுமுறையும் தவறினாள் என்பதை அறிந்திருப்பீர். நம் நாட்டின் தண்டலைப் புறத்து ஊர்களில் மாரிதோறும் காய்ச்சல் குழந்தைகளைக் கொண்டுபோகிறது. அதற்கு மருந்தறிந்தவர் நம் நாட்டில் ஒருவரும் இலர். கற்று வர அனுப்பத் தக்கவள் அவள் ஒருத்தியே. வரும் தை மாதத் தேர்வே அவளுக்குக் கடைசி. அதிலும் தவறினால் அக்கல்லூரி அவளுக்குக் கதவு திறவாது.

ஆயிரம் சொல் கற்றவள் எங்ஙனம் தவறினாள் என்று அவளையே அழைத்து வினவினோம். சொல்லை அளந்து பேசும் படகோட்டி ஒருவனைக் காட்டி, அவனுக்குப் பொருந்தும் சொல் ஏதேனும் ஒன்றை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். டெர்ஸ், லக்கானிக், லொக்குவேஷஸ் என்று மூன்று சொற்கள். செங்கமலம் மூன்றாவதை எடுத்தாள். பொருள் கேட்டோம், நீர் கற்பித்தபடி, சொற்பெருக்குடையோன் என்று மணிமணியாக ஒப்பித்தாள். அடக் கடவுளே! அது வாயாடி என்று அந்தப் பெண்ணுக்கு ஒருவரும் சொல்லவில்லை. மற்ற இரண்டும் சுருங்கப் பேசுவோனைக் குறிப்பவை, ஆனால் குட்டையானவை என்பதால் சாலையில் பாயோரம் கிடந்தனவாம். நீளச் சொற்களின் ஓலைகளையே பட்டு மெத்தையில் ஏற்றி, காலைதோறும் வணங்கிக் கற்றார்களாம்.

அடுத்து, மருத்துவம் கற்க விரும்புவது ஏன் என்று கட்டுரை கேட்டிருக்கிறார்கள். மெத்தையில் இருந்த சொற்கள் அத்தனையையும் அதில் அடுக்கியிருக்கிறாள். ஒவ்வொரு சொல்லும் அகராதியில் இருக்கிறது, ஆனால் இப்பெண்ணுக்கு என்ன வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை என்று தேர்வாளர்கள் நம் தூதரிடம் கூறினராம்.

சரி, நம்மிடமாவது சொல் என்றோம். என் தம்பி காய்ச்சலில் செத்துப்போனான், வீடு நிறைய ஆள் நின்றோம், என்ன செய்வதென்று ஒருத்தருக்கும் தெரியலை தாயே, என்றாள். இதையே அந்த மொழியில் எழுதியிருக்கலாமே என்றதற்கு, இவ்வளவு சின்னச் சொல்லை அவ்வளவு பெரிய இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது, கூச்சமாக இருந்தது என்று தேம்பினாள். நமக்கும் கண் கலங்கிற்று. அவையினர் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

வேளாரே, உம்மைக் கடிந்து என்ன பயன்? ஆண்டுக்கொரு பட்டம் ஏற்றும் நாடு இது. உமது பெயரை முழுதும் கூற நம் கட்டியக்காரன் நடுவே மோர் குடிக்கிறான். பெயர் நீண்டவர் பெரியவர் என்று பழகிய நாம், சொல்லுக்கும் அவ்வழக்கையே பூட்டினோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

ஆகவே ஆணையிடுகிறோம். இவ்வோலை கண்ட அன்றே பட்டு மெத்தையை அகற்றுக. நீளமோ குட்டையோ, எல்லாச் சொற்களும் ஒரே பாயில் அமர்க. ஒரு சொல்லைக் கற்பிக்கையில் அதன் உறவுச் சொல்லையும் பகைச் சொல்லையும் உடன் கற்பிப்பீராக. அது புகழ்வதா பழிப்பதா என்பதைத் தெருச்சண்டைத் தமிழில் விளக்குக. வாயாடியை வாயாடி என்றே சொல்லுக. கற்ற சொல்லைச் செங்கமலம் அன்றே சந்தையிலும் சமையலிலும் வைத்துப் பேசிப் பார்க்கட்டும். நேற்றைய சொல்லை இன்றும், சென்ற திங்களின் சொல்லை இத்திங்களும் மீண்டும் கேளும். தம்பியின் கதையை அவளுக்குக் கூச்சம் போகுமட்டும் எழுத வையும். இடையில் நீளச் சொல் நுழைந்தால் அதற்கு அங்கே வேலை உண்டா என்று கேளும். உண்டென்றால் இருக்கட்டும்.

இவ்வோலையின் தலையில் எழுத்தர் வழக்கம்போல் நம் பட்டங்களைப் பொறித்துவிட்டார். கடைசி வரிகளுக்கு எழுத்தாணியை நானே வாங்கிக்கொண்டேன். முத்திரை கீழே இருக்கிறது. மறுமொழியைக் கீழே பட்டமின்றி நிற்கும் இந்தப் பெயருக்கே அனுப்பும்.

அவளைத் தேற வையும், வேளாரே. குழந்தைகள் சாகிறார்கள்.

பொற்கொடி