சுருங்காத இடம்

செவ்வாய்க்கிழமை, இரவு.

காலையில் பனியன் கம்பெனியில், துணியில் பார்த்த தடம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

பருத்தி நூலோடு லைக்ரா என்ற, ரப்பர் போல இழுபடும் நூலும் சேர்த்துப் பின்னிய துணி அது. மெஷினில் இழுபட்டு வருவதால், ரோலைப் பிரித்து மேஜையில் ஓர் இரவு தளர விடுவோம். லைக்ரா தானாகச் சுருங்கி அடங்கிய பிறகுதான் வெட்டுவோம். நேற்று நான்தான் பரப்பினேன். கட்டிங் அறையைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

காலையில் துணி முழுக்கச் சுருங்கியிருந்தது, நடுவில் மட்டும் இல்லை. அங்கே ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கன்னத்துக்கு அடியில் கை வைத்த ஓர் உருவம். இரவெல்லாம் மேலே பாரம் இருந்தால்தான் துணி அப்படிச் சுருங்காமல் நிற்கும்.

"ஏனுங்க மாஸ்டர், இதுல ஆரோ படுத்து எந்திரிச்சிருக்காங்க."

கட்டிங் மாஸ்டர் குனிந்து பார்த்தார். "சாவி உங்ககிட்டத்தானுங்க இருந்துச்சு?"

"ஆமாங்க."

"ஆருகிட்டயும் சொல்லீராதீங்க. வெட்டிப் போட்டுரலாம்."

கத்தி அந்த முழங்காலைக் கடந்தபோது நான் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

மகள் பாய் விரித்துவிட்டு, "இன்னும் படுக்கலீங்களாம்மா?" என்கிறாள்.

ஒருக்களித்து, கன்னத்துக்கு அடியில் கை வைத்தால்தான் எனக்குத் தூக்கமே வரும். இன்றைக்கும் அந்த மேஜையில் துணி பரப்பிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.