ஆயில்யம் முடிய நாலு நிமிஷம்

ஆகஸ்ட் 17, 1981. திங்கள். ஆவணி 1.
காலையிலேயே புழுக்கம். ஆடி போயிற்று, கல்யாணப் பேச்சு ஆரம்பம். குன்றத்தூர்ப் பையன் வீட்டில் என் மகள் வசந்தி ஜாதகம் கேட்கிறார்கள். ஆயில்யம். பையனுக்கு அம்மா இருக்கிறார். மாமியாருக்கு ஆகாது என்று ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போனது.

தண்டலத்தில் சயின்ஸ் வாத்தியாராக இருக்கும் கொழுந்தனார் வந்தார். கையில் காலத்தைப் பற்றிய நூலகப் புத்தகம்.

"அண்ணி, வசந்தி ஓடுற கார்லதான பொறந்தா? டிரைவர் வாச்சைப் பாத்துதான டைம் எழுதினீங்க? ஓடுற கடியாரம் மெதுவாத்தான் போவும். சயின்ஸே சொல்லுது. எழுதின டைமை நாலு நிமிஷம் தள்ளிப் போடுங்க, ஆயில்யம் முடிஞ்சு மகம் வந்துடும்!"

ஆஸ்பத்திரி போகிற வழியில், செம்பரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் பிறந்தாள். வாஸ்தவம். ஆனால் நட்சத்திரத்தையே நம்பாதவருக்கு இதில் என்ன அக்கறை?

ஆகஸ்ட் 18.
புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். முருகனுக்கு விளக்கு. பிறகு முதல் பக்கத்திலிருந்து. புரியாத இடம் இரண்டு தடவை.

ஓடும் கடிகாரம் மெதுவாவது நிஜம்தான். எவ்வளவு என்பதை மட்டும் கொழுந்தனார் சொல்லவில்லை. வாடகைக் கார், மணிக்கு 30 மைல். போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு விநாடி பின்தங்க மூன்று கோடி வருஷம் நிற்காமல் ஓட வேண்டும். நாங்கள் போனது முக்கால் மணி.

மிக வேகமாகப் போனால் எதிர்காலத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேரலாமாம். நேற்றைக்குத் திரும்ப வழி தெரியாதாம். இவர் மட்டும் இருபத்துமூன்று வருஷம் பின்னால் போய் நட்சத்திரத்தை மாற்றுகிறார்!

ஆகஸ்ட் 19.
மழை. துணி காயவில்லை. புத்தக ஓரத்தில் பென்சிலில் "4 நிமிஷம்?" வசந்தி கையெழுத்து!

"நீதான் சித்தப்பாவைக் கிளப்பிவிட்டியா?"

"ஆமாம்மா. அந்தக் குன்றத்தூர்க்காரரை எனக்குப் புடிச்சிருக்கு. தினம் கம்பெனி பஸ்ல பாக்கறேன்."

"பேசினியா?"

"டைம் கேட்டேன்."

"எத்தினி வாட்டி?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

ஆகஸ்ட் 20.
நாலாம் அத்தியாயம். பயணம் செய்பவருக்கு அவர் கூடவே போகும் கடிகாரம்தான் சொந்த நேரம். அப்படியானால் காருக்குள் பிறந்தவளுக்கு டிரைவர் வாச்சே சரி. எப்படிப் பார்த்தாலும் ஆயில்யம்.

மறைத்துக் கட்டிக்கொடுத்து, நாளை பையனின் அம்மாவுக்குத் தலைவலி வந்தால்கூட இவள் மேல்தான் பழி. உள்ளதைச் சொல்லிவிடுவதுதான் சரி. வசந்தி சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 21. வெள்ளி.
குன்றத்தூர் மலைக்கோயில். பையனின் அம்மாவை வரச் சொல்லி, கார், வாச், நாலு நிமிஷம், எல்லாம் சொன்னேன்.

சிரித்தார். "நானே ஆயில்யம்தாம்மா! எம்மாமியா எம்பது வயசு வரிக்கும் என் கையால துன்னுக்கினே கொற சொல்லிக்கினு கீந்துச்சு. ஞாயித்துக்கெயம பொண்ணு பாக்க வர்றோம்."

வசந்தி இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டாள்.

நட்சத்திரம் பார்க்காதவர்கள் ஜாதகம் ஏன் கேட்டார்கள்? பையனுடையதை இன்னும் காட்டவே இல்லை. அதில் என்ன தோஷமோ?