ஜூலியின் கட்டியும் அண்ணியின் கட்டியும்

விழுப்புரம்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய சீனுவாசன் அண்ணனுக்கு, தங்கை வெண்ணிலா எழுதுவது.

கடிதம் எழுதுவதற்கு மன்னியுங்கள். போனில் நீங்கள் பேச்சை வெட்டிவிடுவீர்கள்; நேரில் எனக்குக் குரலே எழும்பாது. இதைக் கிழிக்கலாம், குறுக்கே பேச முடியாது.

உங்கள் நாய் ஜூலியின் சோதனை முடிவு வந்துவிட்டது. கெட்ட கட்டிதான், சீக்கிரமே அறுத்து எடுத்ததால் பிழைத்துக்கொள்ளும். 'எங்க வூட்டு பட்டதாரி நாய்க்கறி அறுத்துக்கினு கெடக்குது' என்று சிமெண்ட் கடையில் சொல்லிச் சிரிப்பீர்களே, அந்த வேலையில்தான் இது தெரிந்தது.

எங்கள் ஆய்வகத்தில் நாய்களின் மார்புக் கட்டியையும் பெண்களின் மார்பகக் கட்டியையும் ஒப்பிடுகிறோம். இரண்டிலும் மெல்லிய சீவல் எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒரே மருந்தை விடுகிறோம். வேகமாகப் பெருகும் செல்களில் உள்ள ஒரு புரதம் பழுப்பாகத் தெரியும். தகட்டின் எண்ணை மறைத்தால் எது பெண், எது நாய் என்று சில நேரம் எனக்கே தெரிவதில்லை. உங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

ஜூலிக்குக் கட்டி என்று தெரிந்த மூன்றாம் நாளே திண்டிவனத்திலிருந்து ஏ.சி. காரில் இங்கே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தீர்கள். 'ஜல்தி அறுத்துடுங்க டாக்டர், வுட்டா பரவிக்கினே போவும்' என்றீர்கள். அதை மடியில் வைத்திருந்த அம்சா அண்ணி, இடது கையைத் தூக்காமலே இறங்கினார். தனியாக அழைத்துப்போய்க் காட்டச் சொன்னேன். இடது மார்பில் எலுமிச்சை அளவு கட்டி. ஏழு மாதமாம். 'கத்தி பட்டா பரவிக்கும், பச்சிலை பத்து போட்டுக்கினு கெடன்றாரு உங்க அண்ணன்' என்று சிரிக்கப் பார்த்தார்.

நாய்க்கு அறுக்காவிட்டால் பரவும், பெண்டாட்டிக்கு அறுத்தால் பரவும். இதை எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் அண்ணா?

உண்மைக் காரணத்தையும் அண்ணி சொன்னார். எனக்கு வளவனூர் சம்பந்தம் முடியும்வரை வெளியே தெரியக் கூடாதாம். என் பெயரைச் சொல்லியா அவர் வாயை அடைத்தீர்கள்? நேற்று வளவனூருக்கு நானே போன் செய்து, அண்ணிக்கு மார்பில் கட்டி, சோதிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறார்களாம். நிதானமாக யோசிக்கட்டும். உங்கள் சாக்கு தீர்ந்தது.

அது என்ன கட்டி என்று சோதித்தால்தான் தெரியும். பெரியாஸ்பத்திரியில் வரும் திங்கட்கிழமைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். நீங்கள் வர வேண்டாம். நீங்கள் பூட்டிவைத்திருக்கும் காப்பீட்டு அட்டையை அண்ணி கையில் கொடுத்து, காலை ஏழு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதும். உங்களிடம் எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. இதை மட்டும் கேட்கிறேன். அனுப்பிவிடுங்கள், அண்ணா.

வணக்கத்துடன்,
வெண்ணிலா