ஆடி ஓயட்டும் என்று விட்டது

ஜூலை 7, திங்கள்
மேற்கிலிருந்து கச்சான் காற்று. கடல் கலங்கல். இடுப்பு வலி என்று செல்வியிடம் பொய் சொல்லிவிட்டு வீட்டிலேயே.

வாங்க: நைலான் கயிறு, மிதவை, செல்விக்கு இருமல் மருந்து.

நேற்றைக்கு நடந்ததை இங்கேயாவது எழுதணும். காலையில் திருக்கை வலை எடுக்கப் போனோம், நானும் மச்சினன் குமாரும், செல்வியின் தம்பி. நடுவில் நாலு மிதவை அமுங்கிக் கிடந்தது, கயிறு வெட்டி வெட்டி இழுத்தது. பெரிய திருக்கை என்று நினைத்தேன். உயிரோடு தூக்கினால் வால் முள்ளால் குத்திவிடும். ஆடி ஓயட்டும் என்று விட்டுவிடுவதுதான் எங்கள் பழக்கம். விட்டோம். பிளாஸ்கில் டீ. குமாரின் பாஸ்போர்ட் பேச்சு. கயிறு ஓய்ந்தது.

இழுத்தால் ஆவுளியா. கடல்பசு. மூச்சு வாங்க மேலே வர முடியாமல் செத்திருந்தது. நாங்கள் டீ குடித்த நேரத்தில்.

பால் கசிந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு குட்டி, தலை தூக்கும், முங்கும், திரும்ப வரும்.

"மச்சான், கேஸ் ஆனா என் போலீஸ் வெரிபிகேஷன் போச்சு. நீங்களும் உள்ள போவீங்க." குமார்தான் கல்லைக் கட்டினான். முடிச்சு சரியா என்று பார்த்தது நான். இறக்கிவிட்டோம்.

ஜூலை 8, செவ்.
வனத்துறைப் பெண் அலுவலர் வந்தார், சின்ன வயது. போன வருடம் வலையை அறுத்து ஒரு ஆவுளியாவை விட்டேன் அல்லவா, அதற்காகச் சனிக்கிழமை மணமேல்குடியில் நான் பேச வேண்டுமாம். "ஒங்கள விட்டா யாரு இருக்கா? எல்லா ஊர் படகுக்காரங்களும் வாராங்க."

செல்விக்குக் கால் தரையில் இல்லை. உடனே வெள்ளை வேட்டியை ஊற வைத்தாள். காரணமே இல்லாமல் அவளைத் திட்டினேன். சே.

ஜூலை 9, புத.
கத்தரிக்காய்க் குழம்பு. பாதிச் சோற்றைக் காக்கைக்கு வைத்தேன்.

பக்கத்துப் படகு ராமு கரையில்: "ஆவுளியாக் குட்டி ஒண்ணு நீ வலை விடுற எடத்துலயே சுத்துதுப்பா, தாயக் காணோம்." நாளைக்கு அவனும் அங்கே திருக்கை வலை விடப் போகிறானாம். வேண்டாம், கல் கிடக்கு, வலை கிழியும் என்றேன்.

"அங்க ஏது கல்லு? கடல்புல்லுதான மண்டிக் கெடக்கு. நல்ல எடத்த நீயே வச்சுக்கப் பாக்குற."

காரணம் சொன்னால் நானும் குமாரும் மாட்டுவோம். சொல்லாவிட்டால் குட்டி. அவன் சிரித்துக்கொண்டே போனான், நான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 11, வெள்.
ராமு வலையில் நேற்றும் இன்றும் திருக்கை மட்டுமாம். இரண்டு நாளாக இதைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

குமார் வந்தான். அக்கா அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்தான். "போன வருசக் கதைய மட்டும் சொல்லிட்டு எறங்கிருங்க மச்சான்." அவன் மேல் கோபம் வரவில்லை. பயமாக இருக்கிறது, எனக்கும்தான்.

ஜூலை 12, சனி
வெக்கை. மண்டபத்தில் பாதி ஃபேன் ஓடவில்லை. சால்வை போர்த்தினார்கள், கழுத்தெல்லாம் வேர்வை. மூன்றாவது வரிசையில் குமார். போன வருடக் கதையைச் சொன்னேன். கைதட்டல். இறங்கப் போனேன்.

வேறு ஊர்க்காரர் ஒருவர் எழுந்தார். "அண்ணே, மிதவ அமுங்குனா திருக்கையா ஆவுளியான்னு மேல இருந்து எப்புடித் தெரியும்?"

"தெரியாதுங்க" என்றேன். வாய் நிற்கவில்லை. "அதனால ஆடி ஓயட்டும்னு விடாதீங்க. ஒடனே இழுங்க. போன ஞாயித்துக்கெழம நான் விட்டேன். செத்துப்போச்சு. தாய். குட்டி இன்னும் அங்கதான் சுத்துது, கொஞ்ச நாளைக்கு அங்கிட்டு வலை விடாதீங்க."

ராமு தலையைக் குனிந்துகொண்டான்.

அலுவலர் மெதுவாகக் கேட்டார்: "படகுல கூட யாரு இருந்தா?"

"நான் மட்டுந்தான்."

திருக்கை வலையை ஒற்றை ஆள் இழுக்க முடியாது. அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. மண்டபத்தில் மற்ற எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

குமார் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றான்.